யோசிக்க நேரம் கேட்டவன்

ஆங்கிலப் பேச்சுப் பரீட்சைக்குப் பிள்ளைகளைப் பழக்க வந்திருக்கிறீர்கள். ஆளுக்கொரு தடித்த புத்தகம் வேறு கையில் இருக்கிறது. எதிர்பாராத கேள்வி வந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு அத்தியாயம் கட்டாயம் இருக்கும். மூச்சை இழு, மெல்லச் சிரி, யோசிக்கக் கொஞ்சம் நேரம் கேள், பிறகு தெரிந்ததிலிருந்து தொடங்கு. எல்லாம் சரிதான், நானும் அதைத்தான் வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு நம் தோட்டத்துப் பிள்ளைகளைத் தெரியாது. அவர்களைத் தெரிந்துகொள்வதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். உச்சரிப்பைத் திருத்த ஒரு டேப் ரெக்கார்டர் போதும்.

நான் இந்த வேலைக்கு வந்தது தொண்ணூற்றிரண்டில். பகலில் தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம். பின்னேரங்களில் பெல்மதுளைச் சந்தியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, மாடி அறையில், வெளிநாடு போக விரும்பும் பிள்ளைகளுக்குப் பேச்சு வகுப்பு. இரண்டாயிரத்து ஒன்பதில் அந்த மாடியைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்கிறீர்கள். சொல்லத்தான் வந்தேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்னச் சம்பவம்.

கேகாலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து படித்தாள். வாயாடி. எதைப் பற்றிக் கேட்டாலும் படபடவென்று பேசுவாள். தாதிப் பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டும் என்பது அவள் ஆசை. பரீட்சையில் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, மனிதர்கள் ஏன் பழைய பொருட்களைச் சேர்த்து வைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில், ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்து எழும்புகிற வீட்டில் அவள் எதைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள்? பதில் வரவில்லை. உடனே எழுந்து நின்றுவிட்டாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத பிள்ளை எழுந்து நிற்க வேண்டும், உட்காரச் சொல்லும்வரை நிற்க வேண்டும். அது பரீட்சகருக்கு எப்படித் தெரியும்? பிள்ளை போகக் கிளம்பிவிட்டது என்று நினைத்து, நன்றி சொல்லி, டேப்பை நிறுத்திவிட்டார். இவளும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

"எதுக்குடி எந்திரிச்ச?" என்று கத்தினேன்.

"தெரியாட்டி நிக்கணும்தானே டீச்சர்?" என்றாள்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் யாராவது எழுந்தால் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைப்பேன். வாயைப் பழக்கினால் போதாது, உடம்பையும் பழக்க வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன். இனி இந்தத் தொழிலில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்கிற நினைப்பும் கூடவே வந்துவிட்டது. லோகேஸ்வரன் வரும்வரை அந்த நினைப்பு இருந்தது.

அவன் வந்தது இரண்டாயிரத்து எட்டில், யுத்தம் உச்சத்தில் இருந்தபோது. இருபத்திரண்டு வயது. நிவித்திகலப் பக்கம் ஒரு தோட்டம். அப்பா இல்லை. அம்மா மாரியாயி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். வெளிநாட்டில் இருந்த அத்தை ஒருவர் அங்கே ஒரு கல்லூரியில் அவனுக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். பேச்சுப் பரீட்சையில் தேறினால் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். வகுப்பில் சேர்க்க வந்த அன்றைக்கே மாரியாயி அம்மா என்னிடம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"படிச்சு பெரிய ஆளா வரணும்னெல்லாம் எனக்கு ஆச இல்லீங்க டீச்சரம்மா. இந்தப் பயல வெளிய அனுப்பிருங்க. எங்கயாச்சும் உசுரோட இருந்தா போதும்."

"ஏம்மா, என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலீங்க."

அந்த வருஷங்களில் இப்படி ஒரு பதில் வந்தால் அதற்கு மேல் யாரும் துருவ மாட்டோம். நானும் பேரை மட்டும் எழுதிக்கொண்டேன்.

பையனுக்கு ஆங்கிலம் நன்றாகவே வந்தது. ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக் கேட்டுப் படித்தது. அதனால் தன் அம்மாவைப் பற்றிப் பேசினாலும் கடைசி ஓவரில் பத்து ஓட்டம் வேண்டியிருக்கிற மாதிரி மூச்சுவிடாமல் பேசுவான். வகுப்பே சிரிக்கும், அவனும் சேர்ந்து சிரிப்பான். குடும்பம், தோட்டம், பள்ளிக்கூடம், பிடித்த விளையாட்டு, இதெல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. இரண்டே மாதத்தில் தேறிவிடுவான் என்று கணக்குப் போட்டேன்.

பிறகு ஒருநாள் பழகாத கேள்விகளைத் தொடங்கினேன். உங்கள் ஊரில் புதிதாக ஒரு பொதுக் கட்டிடம் கட்டலாம் என்றால் எதைக் கட்டச் சொல்வாய் என்று அவனிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்.

"யெஸ் மேடம்" என்றான்.

கேள்வி காதில் விழவில்லை போல என்று நினைத்துத் திரும்பக் கேட்டேன். திரும்பவும் "யெஸ் மேடம்." வேறு கேள்வி போட்டேன். வயதானவர்கள் ஏன் அதிகாலையில் எழுகிறார்கள்? "யெஸ் மேடம்." மழை நாளும் வெயில் நாளும் உனக்கு எப்படி வித்தியாசப்படுகிறது? "யெஸ் மேடம்." முகத்தில் ஒன்றும் இல்லை. கண் மட்டும் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னடா, தாலி கட்டுற மாப்பிள்ளை மாதிரி எல்லாத்துக்கும் தலையாட்டுற?" என்றேன். மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அன்று முழுக்க வகுப்புக்கு அந்த அத்தியாயத்தைத்தான் நடத்தினேன். தெரியாத கேள்வி வந்தால் பயப்படாதே, இதைப் பற்றி இதற்கு முன் நான் நினைத்துப் பார்த்ததில்லை, கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல். அப்படிச் சொன்னால் மதிப்பெண் குறையாது, கூடத்தான் செய்யும். வரிசையாக எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். லோகேசின் முறை வந்தபோது அவன் வாயைத் திறக்கவே இல்லை.

வகுப்பு கலைந்த பிறகு ஜன்னல்களைச் சாத்தும் சாக்கில் நின்றான்.

"டீச்சர், அந்த ஒண்ண மட்டும் எனக்கு விட்டுருங்க."

"எதை?"

"யோசிச்சு சொல்றேங்கறத. மத்ததெல்லாம் நீங்க சொல்ற மாதிரியே சொல்லிருவேன்."

"அதச் சொன்னாத்தான்டா மார்க் கூடும்."

"அடி கூடும் டீச்சர்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டே சொன்னான். அதற்கு முந்தைய வருஷம் இரத்தினபுரிக்குப் போகிற பஸ்ஸிலிருந்து அவனைச் சந்தேகத்தின் பேரில் பொலிசார் இறக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். சில வாரங்கள் வைத்திருந்திருக்கிறார்கள்.

"பேரு, அப்பா பேரு, தோட்டம், ஐடி நம்பர், இதெல்லாம் டக்குனு சொல்லிட்டா ஒண்ணும் இல்ல டீச்சர். தெரியாத கேள்வி கேக்கும்போதுதான். கேள்விப்படாத பேரு ஒண்ணச் சொல்லி தெரியுமான்னு கேப்பாங்க. தெரியாதுன்னா அடி. செத்த யோசிச்சா, கதை கட்டுறியாடான்னு அதவிட அடி. ஆமான்னு சொல்லிட்டா விட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிருவாங்க."

"நீ ஆமான்னு சொன்னியா?"

"எல்லாத்துக்கும் சொன்னேன் டீச்சர்."

கடைசியில் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள முதலாளி ஒருவர், சின்ன வயதிலிருந்து அவனைத் தெரிந்தவர், வந்து பொறுப்பேற்று வெளியில் எடுத்திருக்கிறார். ஆனாலும் வாரா வாரம் பொலிசில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். அடுத்த முறை இழுத்துக்கொண்டு போனால் யார் வந்து நிற்பார் என்று தெரியாது. மாரியாயி அம்மாவின் அவசரம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அவனை அனுப்பிவிட்டு நான் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். சுற்றிப் பார்த்தேன். ஒரு மேசை. இரண்டு கதிரை. மேசையில் ஓடுகிற டேப் ரெக்கார்டர். கதவு சாத்தியிருக்கும். எதிரே முன்பின் தெரியாதவர் மாதிரி நான், சிரிக்காமல், கையில் பேனாவுடன். பரீட்சை அறை மாதிரியே இருக்க வேண்டும் என்று நான் பார்த்துப் பார்த்து அமைத்தது. லோகேஸ் இதே மாதிரி ஓர் அறையில் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறான்.

இப்படி ஒரு பிள்ளைக்கு என்ன செய்வீர்கள்? உங்கள் புத்தகத்தில் பாருங்கள், இருக்காது. பயப்படாதே என்று சொல்லலாம். பயப்பட வேண்டிய இடத்தில் பயந்து உயிர் தப்பியவனிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் நான் ஒரு வேலை செய்தேன். அடுத்த வகுப்பில் கதிரையை மாற்றிப் போட்டேன். அவனைப் பரீட்சகராக உட்கார வைத்து, பேனாவையும் கையில் கொடுத்து, நான் எதிரே உட்கார்ந்தேன். மற்றப் பிள்ளைகள் சுவரோரம்.

"நீ கேளு. நான் எப்படி யோசிக்கிறேன்னு பாரு."

மனிதர்கள் ஏன் செல்லப் பிராணி வளர்க்கிறார்கள் என்று கேட்டான். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன். கூரையைப் பார்த்தேன். விரலைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இருந்தேன்.

மேசை அதிர்ந்தது. உள்ளங்கையால் ஓங்கி அடித்திருந்தான்.

"கியபங்!"

சொல்லுடா என்பதற்கு மரியாதை கெட்ட சிங்களம். குரல் அவனுடையதாக இல்லை. சுவரோரம் இருந்த ஒரு பெண் பிள்ளை வீறிட்டுவிட்டாள். அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

அந்த நேரத்தில் எழுந்துபோய் அவன் தலையைத் தடவியிருக்கலாம். வகுப்பைக் கலைத்திருக்கலாம். இரண்டுமே எனக்குத் தோன்றின. ஆனால் அப்படிச் செய்தால், பேசாமல் இருந்தால் இதுதான் நடக்கும் என்று அவனுக்கு நானே உறுதிப்படுத்தியதாக ஆகிவிடும். ஆகவே அசையாமல் இருந்து, இன்னும் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். மனிதர்கள் பிராணிகளை வளர்ப்பது, அவை கேள்வி கேட்பதில்லை என்பதால்தான் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "குட் ஆன்சர் மேடம்" என்றான்.

அன்றிலிருந்து வழி திறந்தது. ஆனால் வாரத்துக்கு இரண்டு வகுப்பு எந்த மூலைக்குக் காணும்? மாரியாயி அம்மாவைக் கூப்பிட்டேன். காலையில் பால் வெட்டப் போகும்போது இவனையும் கூட்டிப் போங்கள், வாயில் வந்த எதையாவது கேளுங்கள், ஆனால் அவன் பதில் சொல்லும்வரை ஏன் என்று கேட்காமல் பொறுத்திருங்கள் என்றேன்.

"நான் என்னத்தங்க கேக்குறது? எனக்கு இங்கிலீசு தெரியாதே."

"தமிழ்ல கேளுங்க. அவனுக்கு இப்ப இங்கிலீசு பிரச்சினை இல்ல."

கேட்டிருக்கிறார். மரம் மரமாகக் கேட்டிருக்கிறார். கடல் ஏன் உப்பாக இருக்கிறது? குருடன் கனவில் என்ன பார்ப்பான்? நம்ம தோட்டத்து தொரையை ஒருநாள் லயத்தில் இருக்கச் சொன்னால் முதலில் எதற்கு அழுவார்? கேட்டுவிட்டு, கத்தியால் பட்டையைச் சீவிக்கொண்டு, பால் வடிகிற சிரட்டையைத் துடைத்து வைத்துவிட்டு, அடுத்த மரத்துக்குப் போய்விடுவாராம். பதில் வந்து சேரும்போது சேரும். நான் படித்த எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் இவ்வளவு நல்ல பரீட்சகரைப் பார்த்ததில்லை. பையனுக்குப் பேச்சு நிதானத்துக்கு வந்தது. தெரியாத கேள்வி கேட்டால் கண்ணை மேலே உயர்த்தி, மூச்சை இழுத்து, லெட் மீ திங்க் என்று சொல்லிவிட்டு நிஜமாகவே யோசிப்பான்.

பரீட்சை கொழும்பில். அந்த நேரத்தில் அவனைத் தனியாக அனுப்ப முடியாது என்று நானும் போனேன். பெரிய ஹோட்டல் ஒன்றின் தாழ்வாரத்தில் என்னை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனான். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. போச்சு என்று நினைத்தேன்.

"அந்தம்மா பொறுத்திருந்தாங்க டீச்சர்" என்றான்.

உண்மையைச் சொல்வது எப்போதும் நல்லதுதானா என்று பரீட்சகர் அம்மா கேட்டிருக்கிறார். இவன் யோசிக்க நேரம் கேட்டிருக்கிறான். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார். முகம் மாறவில்லை, கை ஓங்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அதற்குத்தான் அவனுக்குக் கண் சிவந்திருந்தது.

"என்ன பதில்டா சொன்ன?"

"கேக்கிற ஆளப் பொறுத்ததுன்னு சொன்னேன்."

எனக்கு அந்தத் தாழ்வாரத்திலேயே அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவ்வளவு சந்தோஷம். ஒரு சோற்றுப் பார்சல் வாங்கி இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம்.

கொழும்பு எல்லை தாண்டுவதற்குள் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். வழக்கம்போல எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். லோகேஸ் ஒரு சிப்பாயிடம் அடையாள அட்டையை நீட்டினான். எங்கே இருந்து, எங்கே போகிறாய், எதற்கு வந்தாய்? அவன் சிங்களத்தில் டக் டக்கென்று சொன்னான். நிவித்திகலப் பையன், சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவன், அந்தச் சிப்பாயைவிட நன்றாகச் சிங்களம் பேசினான். அதுவே வினையாக இருந்திருக்கலாம். அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போன கையை சிப்பாய் நிறுத்தினான். அவனும் சின்னப் பையன்தான், தூக்கமில்லாத முகம்.

"சரி, யுத்தத்தில் யார் வெல்வார் என்று நீ நினைக்கிறாய்?"

பெண்கள் வரிசையில் நின்றபடி நான் பார்த்தேன். லோகேஸ் கண்ணை மேலே உயர்த்தினான். மூச்சை இழுத்தான்.

யோசிக்கிறான்.

அந்தக் கேள்விக்கு அங்கே ஒரே ஒரு பதில்தான், அதுவும் உடனே வர வேண்டும். சிப்பாயின் தலை மெல்ல நிமிர்ந்தது. பக்கத்தில் நின்ற இன்னொருவன் துப்பாக்கியின் வாரைத் தோளில் சரி செய்தான். லோகேஸ் வாயைத் திறக்கப் போகிறான், வரப்போவது யோசித்துச் சொல்கிறேன் என்கிற அந்த வார்த்தைதான். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வரிசையை விட்டு ஓடினேன். அவன் காதைப் பிடித்துத் திருகினேன்.

"மெயாட்ட ஒலுவ ஹரி நே, மஹத்தயா!"

இவனுக்கு மூளை சரியில்லை ஐயா என்று சொன்னேன். கொழும்புக்கு மருந்து எடுக்கக் கூட்டி வந்தேன், என்ன கேட்டாலும் இப்படித்தான் வானத்தைப் பார்ப்பான் என்று சொல்லிக்கொண்டே போனேன். சிப்பாய் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"அப்படியா? நீ பைத்தியமா?"

லோகேஸ் என்னைப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான்.

"ஒவ் சேர்."

ஆமாம் சேர். மற்றவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ கழுதையா?" "ஒவ் சேர்." "உனக்கு வால் இருக்கிறதா?" "ஒவ் சேர்." பஸ்ஸில் வந்தவர்களும் சிரித்தார்கள். பயத்தில் சிரித்தார்களோ என்னவோ. இன்னும் என்னென்னவோ கேட்டார்கள், அதையெல்லாம் உங்கள் முன்னால் சொல்ல மாட்டேன். எல்லாவற்றுக்கும் அவன் ஒரே பதில் சொன்னான், தாமதிக்காமல் சொன்னான். போதும் என்று ஆனதும் அட்டையைக் கொடுத்து, தலையில் ஒரு தட்டுத் தட்டி, போகச் சொன்னார்கள்.

பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் உட்காரவில்லை. பாதி வழியில் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் பதில் சொல்லியிருப்பேன் டீச்சர்."

"என்னத்தச் சொல்லியிருப்ப?"

"தெரியல. யோசிச்சு முடிக்கல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "முடிச்சிருந்தா நீ இந்த பஸ்ல இருக்க மாட்டடா" என்று சீறினேன். அவன் தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டான்.

இந்த இடத்தில் நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். வேறு வழி இருந்திருக்கும் என்று தோன்றுகிறது, இல்லையா? மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து யோசித்தால் எனக்கும் நாலு வழி தெரிகிறது. அன்றைக்கு அவன் மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடுவதற்குள் எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. இன்றைக்கு அதே வரிசையில் நிறுத்தினாலும் அதே காதைத்தான் பிடித்துத் திருகுவேன். உயிரோடு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன், அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் அது சும்மா வரவில்லை என்பதையும் நான் உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

பெறுபேறு வந்தது. கல்லூரி கேட்டதைவிடக் கூடுதலாகவே எடுத்திருந்தான். மாரியாயி அம்மா வாழைப்பழச் சீப்போடு மாடிக்கு வந்தார், அவன் வரவில்லை. விசாவுக்கு எழுதினார்கள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதற்கும் நான் பழக்குகிறேன், அனுப்பி வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். வரவில்லை. எல்லாம் தெரியுமாம், டீச்சருக்கு எதற்குக் கரைச்சல் என்று சொன்னானாம். இந்த முறை அந்தச் சிங்கள முதலாளியின் வேனில் போய் வந்திருக்கிறார்கள்.

நேர்முகத்தில் பேர், ஊர், படிப்பு, யார் பணம் கட்டுகிறார், எந்தக் கல்லூரி, எல்லாம் நன்றாகச் சொல்லியிருக்கிறான். கடைசியாக அந்த அதிகாரி ஒன்று கேட்டிருக்கிறார். படிப்பு முடிந்ததும் திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிடும் எண்ணம் இருக்கிறதா?

"யெஸ் சேர்."

அதிகாரி கெட்டவர் இல்லை. கேள்வி சரியாக விளங்கியதா என்று திரும்பவும் கேட்டிருக்கிறார். யெஸ் சேர். நான் இதை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறார். அதற்கும் அதே பதில். விசா மறுக்கப்பட்டது. அந்த வருஷம் அத்தை வேறு இடம் தேடவும் இல்லை.

நீங்கள் இங்கிருந்து கொண்டு போக வேண்டியது இதுதான். ஒரு பிள்ளை புதிதாக வந்து உட்கார்ந்தால் அதன் ஆங்கிலத்தைப் பிறகு பாருங்கள். இதுவரை இந்தப் பிள்ளையைக் கேள்வி கேட்டவர்கள் யார், பதில் சொல்லத் தாமதித்தபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். யோசிப்பது எந்த இடத்தில் நல்லது, எந்த இடத்தில் ஆபத்து என்று இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுங்கள். ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். மற்றதைத் தெருவில் வேறு யாராவது சொல்லிக்கொடுப்பார்கள், அவர்கள் சொல்லிக்கொடுத்தால் அது ஆயுசுக்கும் மறக்காது.

செய்தி கேட்டு நான் அவனைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன்; மாடியைப் பூட்டியது அதற்குப் பிறகுதான். மாணிக்கக் குழியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். உடம்பெல்லாம் சேறோடு வந்து லயத்து வாசலில் நின்றான். எனக்கு எப்போதும்போல வாய் நிற்கவில்லை.

"ஏன்டா, மூணு தடவ கேட்டாரே. ஒரு தடவ யோசிச்சிருக்கக் கூடாதா?"

அவன் கோபப்படவில்லை. என் மேல் குறை வைத்த மாதிரியும் தெரியவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னான்.

"யோசிச்சு மாட்டிக்கிட்டா, பைத்தியம்னு சொல்லி கூட்டிட்டு வர அங்க நீங்க இல்லையே டீச்சர்."

மாரியாயி அம்மா எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே, "சாயத்தண்ணி ஊத்துறேன், குடிச்சிட்டுப் போங்க டீச்சரம்மா" என்றார். அந்தத் தேநீரைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.